ஸ்ட்ராபெரியில் சிலந்திப்பேனும் பூச்சிகளும்: இயற்கை எதிரிகளை வைத்துக் கட்டுப்படுத்த முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் சிலந்திப்பேன் திடீரென்று பெருகிவிட்டால், அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் என்ன மருந்து அடித்தீர்கள் என்று முதலில் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். அசுவினிக்கோ இலைப்பேனுக்கோ (த்ரிப்ஸ்) செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து ஒன்று போயிருக்கும். அது அசுவினியைக் கொன்றதோடு, சிலந்திப்பேனைத் தின்றுகொண்டிருந்த உயிர்களையும் துடைத்து எடுத்திருக்கும். சிலந்திப்பேன் மட்டும் தப்பியிருக்கும். 90-க்கும் மேற்பட்ட மருந்து மூலப்பொருள்களுக்கு உலகின் ஏதாவது ஒரு மூலையில் தாக்குப்பிடித்துக் காட்டிய உயிர் அது. தின்ன ஆள் இல்லாத இடத்தில் அது பெருகாமல் என்ன செய்யும்?

நன்மை செய்யும் பூச்சிகளைப் பாட்டிலில் வாங்கிவந்து தூவுவது இந்த முறையில் கடைசி வேலை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் தோட்டத்தை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில், ஆக்ஸ்னார்ட் பக்கத்துத் திறந்தவெளி வயல்களிலும், இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பாலித்தீன் கூடாரங்களிலும், நெதர்லாந்துக் கண்ணாடிக் குடில்களிலும் இது அன்றாட வேலையாகிவிட்டது. கொடைக்கானல், ஊட்டி, நுவரெலியா மலைகளில் சிறிய அளவில் ஸ்ட்ராபெரி போடுகிறவர்களுக்கும் அடிப்படை இதேதான். கையில் கிடைக்கும் உயிர்கள்தான் வேறு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: எது எது என்று அடையாளம் காணுங்கள்

10 அல்லது 20 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸே போதும். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

செடியின் நடு அடுக்கில் முழுதாக விரிந்த ஒரு சிற்றிலையை (ஓர் இலையின் மூன்று பகுதிகளில் ஒன்று) கிள்ளித் திருப்பிப் பாருங்கள். இளந்தளிரில் பேன் குறைவாக இருக்கும், அடியிலுள்ள கிழட்டு இலை காய்ந்திருக்கும். நடு இலைதான் உண்மை சொல்லும். நடு நரம்பை ஒட்டி, வெளிர் மஞ்சளாகவோ பச்சையாகவோ, முதுகின் இரு பக்கமும் கரும்புள்ளியோடு மெதுவாக நகர்வதுதான் இரு புள்ளிச் சிலந்திப்பேன். அதன் முட்டை கண்ணாடி மணிபோல் உருண்டை. அதே இலையில் ஆரஞ்சுச் சிவப்பில், பளபளவென்று, பேரிக்காய் வடிவில், நீண்ட கால்களோடு ஒன்று விறுவிறுவென்று ஓடினால் அதன்மேல் கை வைக்காதீர்கள். அது சிலந்திப்பேனைத் தின்னும் வேட்டைப்பேன். அதன் முட்டை நீள்வட்டம், சிலந்திப்பேன் முட்டையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரியது. உருண்டை முட்டைகளுக்கு நடுவே நீள்வட்ட முட்டை கண்ணில் பட்டால் அந்த இலையில் வேட்டை நடக்கிறது என்று பொருள். சிவப்பாக இருப்பதெல்லாம் தீமை என்று நினைத்து நல்லதை அழித்தவர்கள் நிறைய உண்டு. குளிர் மாதங்களில் சிலந்திப்பேனும் ஆரஞ்சு நிறம் கொள்ளும் என்பதால், நிறத்தைவிட நடையைப் பார்ப்பது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூவை வெள்ளைத் தாளில் தட்டினால் சிறு குச்சிபோல் விழுந்து ஓடுவது இலைப்பேன். பழத்தோல் பழுப்பாகி மங்கிப்போவது இதன் வேலை. தளிரிலும் பூக்காம்பிலும் கூட்டமாக உட்கார்ந்து தேன்போன்ற கழிவை விடுவது அசுவினி. நடுக்குருத்து இலைகள் சுருங்கி, தடித்து, விரியாமல் நின்றுவிட்டால் சைக்ளமென் பேனைச் சந்தேகப்படுங்கள். அது கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், குருத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. செடி காரணமில்லாமல் வாடி, பிடுங்கினால் வேரில்லாமல் கையோடு வந்தால் மண்ணுக்குள் வண்டின் புழு இருக்கிறது.

இரண்டாம் படி: நாற்று வாங்கும்போதே பாதி வேலை

சிலந்திப்பேன், சைக்ளமென் பேன், அசுவினி மூன்றும் பெரும்பாலும் நாற்றோடுதான் தோட்டத்துக்குள் நுழைகின்றன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இலவசமாகத் தரும் ஓடுதண்டு நாற்று சில நேரம் விலை கொடுத்து வாங்கியதைவிட அதிகச் செலவு வைக்கும். சான்று பெற்ற நாற்றாக இருந்தாலும் பெட்டிக்குச் சில செடிகளை எடுத்து, குருத்தை விரித்து லென்ஸில் பாருங்கள். சைக்ளமென் பேன் இருக்கும் நாற்றைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. பின்னால் அதைப் பிடிக்கவே முடியாது.

நாற்றங்காலில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். நட்ட மாதமே வேட்டைப்பேனை விட்டு, அது செத்துப்போய், முறையே சரியில்லை என்று கைவிட்டவர்கள் பலர். உண்மையில் நாற்றின் இலையிலேயே நஞ்சு இருந்திருக்கும்.

மூன்றாம் படி: மருந்து அலமாரியைச் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோற்றுப்போகும் தோட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டுகளின் எச்சம் வேட்டைப்பேன்களை 8 முதல் 12 வாரம் வரை பாதிக்கக்கூடியது. அதாவது ஜனவரியில் அடித்தது மார்ச்சில் விடும் வேட்டைப்பேனுக்கும் எமன். வேட்டைப்பேனையோ வேறு இயற்கை எதிரியையோ நம்பி இறங்கப்போகிறீர்கள் என்றால் இந்த வகையை அந்தப் பருவம் முழுக்கத் தொடவே கூடாது. இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை வேரில் ஊற்றினாலும் பூவில் இலைப்பேனை வேட்டையாடும் ஓரியஸ் நாவாய்ப்பூச்சிக்கும் தேனீக்கும் கேடு. அபாமெக்டின் சிலந்திப்பேனைக் கொல்லும், வேட்டைப்பேனையும் கொல்லும். ஆனால் அதன் தாக்கம் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். அதனால் வேட்டைப்பேன் விடுவதற்கு முன்பு பேன் எண்ணிக்கையைக் குறைக்க அதை ஒருமுறை பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பைஃபெனசேட் என்ற சிலந்திப்பேன் மருந்து வேட்டைப்பேன்களுக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. எதுவானாலும் உங்கள் நாட்டில் ஸ்ட்ராபெரிக்கு அனுமதி உண்டா, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.

பூஞ்சாணக் கொல்லிகளையும் மறக்காதீர்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடித்துக்கொண்டே இருந்தால் வேட்டைப்பேன் பெருகுவது மந்தமாகும். மாங்கோசெப் வேட்டைப்பேனுக்கும் ஆகாது, பூச்சிகளைக் கொல்லும் பூவேரியா பூஞ்சைக்கும் ஆகாது. 'இயற்கை மருந்துதானே' என்று வேப்பெண்ணெயை வாராவாரம் அடிப்பதும் சரியில்லை. எண்ணெய் எதன் மேல் பட்டாலும் மூச்சுத்துளையை அடைக்கும். நல்ல பேன் எது, கெட்ட பேன் எது என்று அதற்குத் தெரியாது. எண்ணெய் அடிப்பதென்றால் வேட்டைப்பேனை விடுவதற்கு முன்பே அடித்து முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: சிலந்திப்பேனுக்குப் பிடிக்காத தோட்டம்

சிலந்திப்பேனுக்கு வெயிலும் வறட்சியும் தூசியும் பிடிக்கும். மண்பாதையை ஒட்டிய வரிசைகளில்தான் அது முதலில் தலைகாட்டும். வறண்ட மாதங்களில் அந்தப் பாதையில் தண்ணீர் தெளித்து வையுங்கள். செடிக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை வரவிடாதீர்கள். யூரியாவை வாரிக் கொடுத்து இலையைக் கரும்பச்சையாக்குவது அசுவினிக்கும் சிலந்திப்பேனுக்கும் பந்தி விரிப்பதுதான். நட்ட புதிதில் சில நாள் தெளிப்புநீர் கொடுத்தால் பேன் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். பூ வந்த பிறகு பழ அழுகல் வரும் என்பதால் சொட்டுநீருக்கு மாறிவிடுங்கள்.

வரப்போரம் செண்டுமல்லி நடச் சொல்லி எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். ஸ்ட்ராபெரிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். செண்டுமல்லியில் சிலந்திப்பேன் அமோகமாக வளரும், வெயில் ஏறியதும் அங்கிருந்து பாத்திக்கு இறங்கும். ஓரப்பயிர் வேண்டுமென்றால் கொத்தமல்லியும் கடுகும் பூக்கவிடுங்கள். அசுவினிக்கு எதிரிகளான பொறிவண்டு, சிர்ஃபிட் ஈ, கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் அந்த மகரந்தத்துக்கும் தேனுக்கும் வந்து சேரும்.

ஐந்தாம் படி: வாரம் ஒருமுறை எண்ணுங்கள்

ஏக்கருக்கு 40, 50 நடு அடுக்குச் சிற்றிலைகளை, தோட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பறியுங்கள். ஓரம், பாதைப் பக்கம், பாலிஹவுஸ் என்றால் கதவருகும் சூடான மூலையும் கட்டாயம். ஒவ்வொரு இலையிலும் சிலந்திப்பேன் எத்தனை, வேட்டைப்பேன் உண்டா இல்லையா என்று இரண்டு கட்டம் போட்டுக் குறித்தால் போதும்.

மருந்து அடிக்கும் முறையில், கலிஃபோர்னியாவில், நட்ட முதல் நான்கு மாதம் ஒரு சிற்றிலைக்கு 5 முதல் 10 பேன், செடி நன்றாக வளர்ந்த பிறகு 15 முதல் 20 பேன் என்பதை நடவடிக்கைக்கான அளவாக வைத்திருக்கிறார்கள். வேட்டைப்பேன் விட அதுவரை காத்திருந்தால் காரியம் கெட்டுப்போகும். சிலந்திப்பேன் ஒன்றிரண்டு இலைகளில் தெரிய ஆரம்பித்த வாரமே விட வேண்டும். இணை சேராத பெண் பேன்கூட முட்டையிடும். அதில் ஆண் பிறக்கும், அந்த ஆணோடு சேர்ந்து அதே பேன் பெண் குஞ்சுகளையும் பெறும். ஒரே ஒரு பேன் தப்பினாலும் ஒரு குடும்பம் உருவாகிவிடும்.

பூக்களுக்கு வேறு வழி. 20 பூவை வெள்ளைத் தட்டில் தட்டி இலைப்பேனை எண்ணுங்கள். நீல நிற ஒட்டுப்பொறி இலைப்பேனுக்கும், மஞ்சள் நிறம் வெள்ளை ஈக்கும் இறக்கை முளைத்த அசுவினிக்கும். பொறி என்பது தகவலுக்குத்தான். நூறு அட்டை தொங்கவிட்டால் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் நல்ல ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் ஒட்டிச் சாகும்.

ஆறாம் படி: சிலந்திப்பேனுக்கு வேட்டைப்பேன்

இந்தத் தொழிலின் நாயகன் ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். 1958-இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்தது. நெதர்லாந்தில் யான் கோப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி பூச்சிமருந்தால் உடல் பாதித்து, 1967-இல் இதைத் தன் குடிலில் விட்டுப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய கோப்பர்ட் நிறுவனம்.

இது சிலந்திப்பேனையும் அதன் உறவுகளையும் தவிர வேறெதையும் தின்னாது. ஒரு நாளைக்கு 5 வளர்ந்த பேனையோ 20 முட்டையையோ காலி செய்யும். 20 டிகிரி வெப்பத்தில் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து வளர்ந்து நிற்க ஏறத்தாழ 16, 17 நாள் ஆகும். இதற்கு 9 நாள் போதும். ஆனால் காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இதன் முட்டை சரியாகப் பொரியாது, வெப்பம் 30-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். தின்ன எதுவும் இல்லையென்றால் பட்டினியால் செத்துப்போகும், இல்லையேல் தோட்டத்தை விட்டே போய்விடும். ஆக, இது தீயணைப்புப் படை. சிலந்திப்பேன் இருக்கும் இடத்தில், இருக்கும் நேரத்தில் மட்டும் விடுங்கள்.

காவலுக்கு நிற்பது நியோசியூலஸ் கலிஃபோர்னிகஸ். வேகம் குறைவு, ஆனால் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். மகரந்தத்தையும் வேறு சிறு பேன்களையும் தின்று காலம் தள்ளும். நம் நாட்டில் இதே வேலையைச் செய்வது நியோசியூலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ். இது இந்தியாவில் இயற்கையாகவே இருக்கிறது, மருந்து அடிக்காத தோட்டத்துக்குத் தானாகவே வந்து சேரும். கடையில் வேட்டைப்பேன் பாட்டில் எளிதில் கிடைக்காத நமக்கு, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வழி. சிலந்திப்பேன் தாக்கிய அவரை, ஆமணக்கு, கத்தரி இலைகளை லென்ஸில் தேடினால் வேட்டைப்பேன் கிடைக்கும். அந்த இலைகளைக் கொண்டுவந்து பாதிப்புள்ள ஸ்ட்ராபெரிச் செடிகள்மேல் வைத்தால் அதுவே ஏறிக்கொள்ளும். சிலந்திப்பேனும் கூட வருமே என்றால், வரும். ஏற்கெனவே பேன் இருக்கும் செடியில் மட்டும் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் பாட்டில் கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள். உயிருள்ள பூச்சிகளை அனுமதியில்லாமல் கொண்டுவருவது இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டப்படி குற்றம். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைப்பிடம் உள்நாட்டு இனங்களைப் பற்றிக் கேட்கலாம்.

பாட்டில் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: வந்த அன்றே பயன்படுத்துங்கள். ஓரிரவு வைக்க வேண்டுமென்றால் 8 முதல் 10 டிகிரியில், படுக்கை வாக்கில். வீட்டு ஃப்ரிட்ஜின் உள்ளறை அதைவிடக் குளிர்ச்சி, ஜாக்கிரதை. திறக்கும் முன் பாட்டிலை மெதுவாக உருட்டுங்கள், ஏனென்றால் பேன்கள் எல்லாம் மேல்பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நாலைந்து ஆரஞ்சுப் புள்ளிகள் ஓட வேண்டும். ஒன்றும் அசையவில்லை என்றால் விற்றவருக்கு உடனே போன் போடுங்கள், தூவிவிட்டுப் புலம்பிப் பயனில்லை. மாலையில், ஈரம் காய்ந்த இலைமேல், செடி செடியாகத் தூவுங்கள். மல்ச்சிங் ஷீட்டில் விழுந்தவை வெயிலில் வெந்துபோகும்.

பாதிப்பு லேசாக இருந்தால் சதுர மீட்டருக்கு 6, அதிகமானால் 20 அல்லது அதற்கும் மேல். பேன் திட்டுத்திட்டாகத்தான் வரும், அதனால் வாங்கியதில் பாதியைத் திட்டுகளில் கொட்டிவிட்டு மீதியைச் சுற்றிலும் பரப்புங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணும்போது 10 சிலந்திப்பேனுக்கு ஒரு வேட்டைப்பேனாவது இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். வலை பின்னிய செடி நிறைய இருந்தால் அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, மென்மையான மருந்தால் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அப்புறம் விடுங்கள். பற்றி எரியும் திட்டில் வேட்டைப்பேனைக் கொட்டுவது பண விரயம்.

ஏழாம் படி: இலைப்பேன்

இதற்கு நியோசியூலஸ் குக்குமெரிஸ் என்ற வேட்டைப்பேன். தவிட்டோடு சின்னக் காகிதப் பையில் வரும். செடியில் தொங்கவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் பைக்குள்ளிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பை வெயிலில் காயாமல் இலை மறைவில் இருக்க வேண்டும். இது இலைப்பேனின் முதல் பருவக் குஞ்சை மட்டுமே தின்னும். ஆகவே முதல் பூ விரியும்போதே செடியில் இருந்தாக வேண்டும். வளர்ந்த இலைப்பேன் பூவில் நிறைந்த பிறகு பையைத் தொங்கவிட்டு ஒன்றும் ஆகாது. வளர்ந்ததையும் பிடிப்பது ஓரியஸ் என்ற சின்ன நாவாய்ப்பூச்சி. பூவுக்குள்ளேயே உட்கார்ந்து வேட்டையாடும். குளிரும் குறுகிய பகலும் உள்ள காலத்தில் அது தூங்கிவிடும் என்பதால் ஐரோப்பாவில் வசந்தம் முற்றிய பிறகுதான் விடுகிறார்கள்.

இங்கிலாந்தில் தொல்லை மேற்கத்தியப் பூ இலைப்பேன். ஃபுளோரிடாவின் பிளாண்ட் சிட்டி பக்கம் இப்போது தலைவலி தருவது நம் மிளகாய்ச் செடியில் இலையைச் சுருட்டும் அதே இலைப்பேன், தெற்காசியாவிலிருந்து அங்கே குடியேறியது. இது பூவைவிட இளந்தளிரைத் தேடும். அதனால் மிளகாய்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்ட்ராபெரி போட்டவர்கள் பூவை மட்டும் தட்டிப் பார்த்து ஏமாறக்கூடாது, தளிரையும் பாருங்கள். நம் பக்கம் கைக்கு எட்டுவது பூவேரியா பேசியானா பூஞ்சை. காற்றில் ஈரம் இருக்கும் மாலையில், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு, தளிரும் பூவும் நனையத் தெளிக்க வேண்டும். ஒருமுறை அடித்தால் பலன் தெரியாது. வார இடைவெளியில் சில முறை தேவை.

எட்டாம் படி: அசுவினியும் மற்றவையும்

அசுவினிக்கு ஒட்டுண்ணிக் குளவி வாங்கும்போது எந்த அசுவினி என்று தெரியாமல் வாங்குவது வீண். பருத்தி அசுவினி போன்ற சிறியவற்றுக்கு அஃபிடியஸ் கோல்மானி, உருளைக்கிழங்கு அசுவினி போன்ற பெரியவற்றுக்கு அஃபிடியஸ் எர்வி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ஐரோப்பாவில் ஆறு வகைக் குளவிகளைக் கலந்தே விற்கிறார்கள். பழுப்பாக உப்பி ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த அசுவினி தெரிந்தால் குளவி வேலை செய்கிறது. அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள்.

தமிழ்நாட்டில் கிடைப்பது கிரைசோபெர்லா என்ற கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையும் புழுவும். வேளாண் பல்கலைக்கழக மையங்களில் விசாரியுங்கள். புழுக்கள் ஒன்றையொன்று தின்னும், ஆகவே ஒரே இடத்தில் கொட்டாமல் செடிக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து விடுங்கள். எறும்பு ஏறும் பாத்தியில் எதை விட்டாலும் பலிக்காது. அசுவினியின் தேனுக்காக எறும்பு காவல் நிற்கும், வரும் எதிரிகளை விரட்டும். முதலில் எறும்புப் புற்றைக் கவனியுங்கள்.

பச்சைப்புழுவுக்கும் படைப்புழுவுக்கும் புழு சின்னதாக இருக்கும்போது பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து) தெளித்தால் போதும், இயற்கை எதிரிகளுக்கு அது தீங்கு செய்யாது. மண்ணிலுள்ள வண்டுப் புழுவுக்கு ஹெட்டரோராப்டிடிஸ் நூற்புழுவைச் சொட்டுநீரோடு விடலாம். மண் முன்பே ஈரமாக இருக்க வேண்டும், வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், வெயிலில் செய்யக்கூடாது. மண் 12 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருந்தால் இது மந்தம்; குளிர் மண்ணுக்கு ஸ்டைனர்நீமா கிராவுசி என்ற நூற்புழு.

கலிஃபோர்னியாவின் லைகஸ் நாவாய்ப்பூச்சி நமக்கு வராதது என்றாலும் அவர்கள் செய்வது சுவாரசியமானது. அது குத்திய பழம் கோணலாகி விற்காமல் போகும். மான்டரே விரிகுடாப் பக்கத்து அங்கக விவசாயிகள் ஸ்ட்ராபெரி வரிசைகளுக்கு நடுவே ஆங்காங்கே குதிரை மசால் வரிசை போடுகிறார்கள். லைகஸுக்கு ஸ்ட்ராபெரியைவிட குதிரை மசால் பிடிக்கும். அங்கே கூடியதும் டிராக்டரில் பொருத்திய ராட்சத உறிஞ்சியால் அந்த வரிசையை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த லைகஸ் குஞ்சுகளைத் தாக்கும் பெரிஸ்டீனஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியும் அந்த வரிசைகளில் நிலைத்துவிட்டது.

ஒன்பதாம் படி: பருவ முடிவு

அறுவடை முடிந்ததும் செடியை உடனே பிடுங்கி எரிக்காதீர்கள். கடைசி வாரத்தில் வேட்டைப்பேன் அதிகமாக இருக்கும் பாத்தி எது என்று லென்ஸில் பார்த்து, அந்த இலைகளைப் புதிய பாத்தியில் சிலந்திப்பேன் தெரிகிற செடிகளுக்கு மாற்றுங்கள். இலையில் நோய்ப்புள்ளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் பறித்து, காகிதப் பையில் போட்டு, அன்றே பரப்பிவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் வியர்த்துச் செத்துவிடும். சைக்ளமென் பேன் இருந்த பாத்தியிலிருந்து மட்டும், வேட்டைப்பேன் எவ்வளவு இருந்தாலும், ஓர் இலையும் எடுக்க வேண்டாம். அங்கேயுள்ள ஓடுதண்டையும் நாற்றுக்கு வைக்காதீர்கள்.